ஊசித் தட்டில் ஒரு கீறல்

தையல் மிஷினில் நூல் அறுந்தபோதெல்லாம் குமரேசன் தன் மனைவி தவமணியின் பிடரியில் அறைந்தான். கைக்கு வாகாக அவளுக்குப் பின்னாலேயே நாற்காலி போட்டிருந்தான். நூலை மாற்றினார்கள், பாபினை மாற்றினார்கள். அறுவதும் நிற்கவில்லை, அறையும் நிற்கவில்லை. கடைசியில் மெக்கானிக் அந்தோணியைக் கூட்டிவந்தான். அந்தோணி ஊசி இறங்கும் தட்டைக் கழற்றி, அதன் துளையில் நகத்தை ஓட்டினார்.

"இந்தக் கீறல்தான் நூலை அறுக்குது. தைக்கறப்ப துணிய வெடுக்குனு தள்ளுனா ஊசி வளைஞ்சு தட்டுல குத்தும். ஏம்மா, எதுக்குத் தள்ளறே?"

அறை விழும்போது தலையோடு கையும் முன்னால் பாய்வது தவமணிக்குத் தெரியும். அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அந்தோணியும் பார்த்தார். பிறகு குனிந்து கீறலைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அப்ப இவதானாண்ணே காரணம்?" என்றான் குமரேசன்.

அந்தோணி தட்டைத் திரும்பப் பொருத்தி, புது ஊசி மாட்டி, "ஓட்டிப் பாரும்மா" என்றார். மிஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இனிமே தள்ளுவியாடி?" பிடரியில் அறை விழுந்தது.

ஊசி விரலைத் துளைத்து முறிந்தது. மிஷின் நின்றது. தவமணி அழவில்லை. ஊசியோடு நூலும் கோத்து நிற்க, ரத்தம் சொட்டும் விரலைக் கணவனின் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

"நூல் அறுந்துபோகல, பாருங்க" என்றாள்.