ஜன்னல் கட்டை வரைக்கும்

கடைசி மூலை மட்டும்தான் பாக்கி.

அவள் தேங்காய் நாரைச் சோப்புத்தூளில் தோய்த்து, சுவரை இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தாள். பழுப்புக் கோடு கரைந்து வழிந்தது.

ஜன்னல் கட்டை உயரத்தில் நாலு சுவரையும் சுற்றி ஓடிய கோடு. வெள்ளம் நின்ற உயரம்.

ஒன்பது நாளாக அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

பங்குனியில் இப்படி ஒரு மழையை யார் கேட்டார்கள்? ஐப்பசி, கார்த்திகை என்றால் கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து, சாமான்களைப் பரணில் ஏற்றி, தெருவே தயாராக இருக்கும். வெயில் காலத்தில் எவள் ஏற்றுவாள்? இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் குளம் நிரம்பி வழிந்து தெருவுக்குள் வந்துவிட்டது.

அரிசி போனது. மிக்ஸி போனது. போய்த் தொலையட்டும்.

கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியும் மூழ்கிப்போனது. அதற்குள் மகள் மாரிசெல்வியின் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகள், டி.சி. எல்லாம் ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. பிரிக்கப் பிரிக்கக் கையோடு வந்தன.

போன வருஷமே பன்னிரண்டாவது முடித்தவளுக்கு இப்போதுதான் நர்சிங் கல்லூரியில் இடம் சொல்லியிருந்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் ஒரிஜினல் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டால், வெள்ளத்தில் போனது என்று ஆபீசரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் வேறு தருவோம் என்றார்கள்.

அந்த ஆபீசர் இன்றைக்குத்தான் வருகிறார். ஒன்பது நாளாகத் தெருவை எட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

"நாளைக்கு வீட்டப் பாக்க வாராவ. இருந்துக்கோங்க" என்று தலையாரி நேற்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெண் பார்க்க வந்தாலும் சரி, சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தாலும் சரி, கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தாலும் சரி. வீட்டைக் கழுவிவிடாமல் அவள் யாரையும் உள்ளே விட்டது கிடையாது. இவரோ மகளின் படிப்பையே கையில் வைத்திருப்பவர். இந்தச் சேற்றிலா கொண்டுவந்து உட்கார வைப்பது?

தரையை மூன்று முறை கழுவினாள். பினாயில் ஊற்றினாள். ஊறிப்போன மெத்தையைக் கொல்லையில் தள்ளினாள். எதிர் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி, அதையும் கழுவிப் போட்டாள்.

பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஒன்பது நாளாகத் துடைப்பத்தைத் தொடவே இல்லை. இப்படியும் ஒரு பொம்பளை உண்டா என்று நேற்றுகூட முத்துப்பேச்சியைத் திட்டியிருந்தாள்.

விண்ணப்பம் வாங்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்த மாரிசெல்வி வந்தாள். நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எம்மா, கோட்ட எங்கம்மா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தேங்காய் நார் கையிலேயே இருந்தது.

ஆபீசர் பதினொரு மணிக்கு வந்தார். ஹெல்மெட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் கொடுத்த கலர் சோடாவைக் குடித்தார். சுற்றிலும் பார்த்தார்.

"வீட்ட நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

பிறகு, இங்கே தண்ணீர் வந்ததாகவே தெரியவில்லையே என்றார். அவள் சாமி மேல் சத்தியம் செய்தாள். கொல்லையில் கிடந்த மெத்தையைக் காட்டினாள். மெத்தை யார் வீட்டில் வேண்டுமானாலும் நனையும் என்றார். சுவரை ஒரு போட்டோ எடுத்தார். தாளில் ஒரே ஒரு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டுத் தராமலே எழுந்து போய்விட்டார்.

முத்துப்பேச்சி வீட்டில் நாலு போட்டோ எடுத்தார். உள்ளே கால் வைக்கக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மழையின் மேல் வந்தது. அந்த மனிதரின் மேல் வந்தது. எல்லாவற்றையும்விடத் தன் கைகளின் மேல் வந்தது. உள்ளதை அழித்துவிட்டு, இல்லாததற்குச் சத்தியம் செய்துகொண்டு நின்றிருக்கிறாள்.

மாரிசெல்வி திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாங்கி வந்த விண்ணப்பத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

காலையில் வாரிக் கொட்டிய சேறு இன்னும் குவியலாகத்தான் கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி வாளியை நிறைத்தாள். சுமந்து வந்து நடுவீட்டில் வைத்தாள்.

மாரிசெல்வி வாளியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். அன்றைக்குத் தகரப் பெட்டியைத் தேடித் தண்ணீருக்குள் நின்றவள் அவள்தான். இடுப்புக்கு மேலே நாலு விரல் வைத்துக் காட்டினாள்.

அம்மா சேற்றைத் தொட்டு, மகள் காட்டிய உயரத்தில் சுவரில் கோடு இழுத்தாள்.

"கொஞ்சம் மேலம்மா."

மேலே இழுத்தாள்.

ஒரு சுவர் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. சேறு சொட்டி, பினாயில் போட்ட தரையெல்லாம் திட்டுத்திட்டாகியது.

மூன்றாவது சுவரில் பாதி வந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆபீசர் நின்றார். ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

ஈரக் கோடு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு முழங்கை வரை சேறு. மகள் சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை.

அவளும் மறைக்கவில்லை.

"இதுவரைக்கும் நின்னுச்சுய்யா."

அவர் உள்ளே வந்து குனிந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். போகவில்லை.

அவள் வாளிக்குள் கையை விட்டாள். நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி இழுக்கத் தொடங்கினாள்.