பாகலூர் ரோடு விலை

சம்பங்கி லால் பாஷாவின் கடைக்குள் வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மடியில் பாகலூர் ரோடு கடையின் நோட்டீஸ். அதில் ஏழு கிலோ வாஷிங் மெஷின் பதிமூன்றாயிரத்துத் தொள்ளாயிரம் என்று போட்டிருந்தது. இங்கே அதே மெஷின் பதினாறாயிரத்து ஐநூறு.

வாசலில் முதலாளி வைத்த பலகை ஆளுயரத்துக்கு நின்றது. எந்தக் கடை விளம்பரத்தைக் காட்டினாலும் அதே விலைக்குத் தருவோம் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. அடியில், எறும்பு அளவு எழுத்தில், அந்தக் கடையில் சரக்கு இருந்தால் மட்டும்.

மேனேஜர் ஆனந்தராஜ் டீ வரவழைத்தான். ஸ்டாண்டு இலவசம் என்றான், சோப்புத்தூள் இரண்டு கிலோ என்றான். ஓட்டிக் காட்டுகிறேன் என்று பெட்டியைப் பிரிக்கப் போனபோது மட்டும் அவள் பதறி எழுந்து வேண்டாம் என்றாள். மற்ற நேரமெல்லாம் நோட்டீஸின் மடிப்பைத் தடவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் பதினோரு பேர் இங்கே பார்த்துவிட்டு அங்கே போய் வாங்கியிருந்தார்கள். காலையில்தான் லால் பாஷா அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"பன்னெண்டாவது ஆளு அந்தக் கடைக்குப் போனா நீயும் கூடவே போயிடு ஆனந்தா. திரும்பி வராதே."

ஆனந்தராஜ் குடோனுக்குள் போய், வாடிக்கையாளர் போலக் குரலை மாற்றிக்கொண்டு பாகலூர் ரோடு கடைக்கு ஃபோன் போட்டான். அந்த மாடல் நேற்றே தீர்ந்துவிட்டது என்றார்கள். அவனுக்கு உயிர் வந்தது. சரக்கு இல்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டியதில்லை.

"ஆனா ஒரு பீஸ் மட்டும் வருதுங்க. எப்படியும் ரெண்டு மணிக்குள்ள கடையில இருக்கும்," என்றது மறுமுனை.

மணி ஒன்றேகால். வெளியே வந்தபோது சம்பங்கி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் குடுக்கலீங்க, பத்து நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன் என்றாள். வீட்டுக்காரராக இருக்கும் என்று ஆனந்தராஜ் நினைத்தான். அவள் ஆட்டோ ஏறினால் அந்த ஒற்றை மெஷின் இறங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பாள்.

குறுக்கே போய் நின்றான். அதே விலைக்கே தருவதாகச் சொன்னான். போதாதென்று, டெலிவரியும் இலவசம், இந்த நிமிடமே வண்டி கிளம்பும் என்றான். அவள் மறுபேச்சில்லாமல் பணத்தை அனுப்பினாள்.

விஷயம் கேட்டு லால் பாஷாவே மாடியிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு பேர் மெஷினைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டும்வரை நின்று பார்த்தார். பிறகு மேனேஜரின் தோளில் தட்டினார்.

"இப்பதான்டா அவனுங்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்கே."

ஆனந்தராஜுக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. பில் புத்தகத்தோடு வண்டிப் பக்கம் போனான்.

"டெலிவரி எங்கம்மா?"

சம்பங்கி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பாகலூர் ரோடுங்க சார், எங்க கடைக்கு. கஸ்டமரு காலையிலேர்ந்து உக்காந்திருக்காரு."