கூட்டுக் கண்டுபிடிப்பாளர்

"எங்கப்பா யாருக்காவது ஏதாவது பாக்கி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. இனிமே அது என் பொறுப்பு."

உடலைத் தூக்குவதற்கு முன் மகன் பெய்ஷென் வழக்கப்படி கேட்டான். மனக்குறை உள்ளவர்கள்கூட அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அதுதான் மரியாதை.

"எனக்கு இருக்கு" என்றாள் ஹெல்மா, பெண்கள் கூட்டத்திலிருந்து.

சர்க்கரை ஆலையே அங்கே திரண்டிருந்தது. இறந்துபோன ஷர்ஷென் அதன் தலைமைப் பொறியாளர். ஹெல்மா முப்பது வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். போர்க்காலத்தில் சோவியத் அரசு ரயிலேற்றிக் கொண்டுவந்து கிர்கிஸ் மண்ணில் இறக்கிவிட்ட ஜெர்மன் குடும்பத்துப் பெண்.

"கல்லுப் பொறியைக் கண்டுபிடிச்சவ நான். அதுல பாதியை இவர் எடுத்துக்கிட்டார். திருப்பிக் கொடுக்காமலே போறார்."

பெய்ஷென் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முறை தவறவில்லை.

"ஏத்துக்கறேன், அக்கா" என்றான்.

வயலிலிருந்து சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கோடு வரும் கல், ஆலையின் வெட்டுக் கத்திகளை உடைத்துக்கொண்டே இருந்த காலம் அது. இருபத்து நாலு வயது ஹெல்மா தண்ணீர்க் கால்வாயில் கல்லை மட்டும் பிடிக்கும் பொறி ஒன்றைச் செய்தாள். ஒருநாள் ஷர்ஷென் கண்டுபிடிப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தோடு வந்து நின்றார். மேலே அவர் பெயர், கீழே அவள் பெயர். கையெழுத்துப் போடு என்றார். மாதாமாதம் காவல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் குடும்பத்துப் பெண்ணால் கேள்வி கேட்க முடியுமா? போட்டாள்.

சான்றிதழில் அவருக்கு 'கூட்டுக் கண்டுபிடிப்பாளர்' என்று பட்டம் வந்தது. ஆலையில் அது பெரிய கிண்டலாகிவிட்டது. யாராவது அடுத்தவன் ரொட்டியைப் பிய்த்துத் தின்றால்கூட, "வாங்க, கூட்டுக் கண்டுபிடிப்பாளரே!" என்பார்கள். ஷர்ஷென் காதிலும் விழும். ஒன்றும் சொல்லாமல் நடந்துபோவார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மதியம் பெய்ஷென் ஹெல்மாவின் வீட்டுக்கு வந்தான். கையில் பழைய கோப்பு.

"பாக்கியை எப்படித் தீர்க்கறதுன்னு அப்பாவோட மேஜையைக் குடைஞ்சேன், அக்கா. இதைப் படிங்க."

முதல் தாளில், ஹெல்மா பெயரை மட்டும் போட்டு ஷர்ஷென் முதலில் அனுப்பிய விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் அலுவலகத்தின் பதில் இருந்தது. 'நாடு கடத்தப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர் பெயரில் சான்றிதழ் தர இயலாது. பொறியாளர் தம் பெயரில் மட்டும் விண்ணப்பிக்கலாம்.'

அடுத்தது ஷர்ஷென் எழுதியதன் நகல். 'பொறி முழுக்க அந்தப் பெண்ணுடையது. என் பெயர் இல்லாமல் நகராது என்றால் அதையும் சேருங்கள். அவள் பெயரை எடுப்பதானால் எனக்குச் சான்றிதழே வேண்டாம்.'

அப்படி மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்று முறையும் அவர் மறுபடி அனுப்பியிருந்தார்.

ஹெல்மா தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அம்மாவும் அதைத்தான் கேட்டாங்களாம். 'உன் பேர் மட்டும் போதாதுன்னு அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதுக்கு நான் திருடன்னு பேர் வாங்கறது தேவலை'ன்னாராம்."

கோப்பை வைத்துவிட்டு அவன் போய்விட்டான். நாற்பதாம் நாள் நினைவு விருந்தில் எல்லார் முன்னாலும் இதைப் படித்துக் காட்டுவேன் என்று ஹெல்மா சொல்லி அனுப்பினாள். ஆனால் கேட்க வேண்டிய மனிதர் அங்கே இருக்கமாட்டாரே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆலை முழுக்கப் பரவிய அந்தக் கிண்டலை முதன்முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அது ஹெல்மாவின் கண்டுபிடிப்பு. அதில் மட்டும் அவளுக்குக் கூட்டு யாரும் இல்லை.