மகாராணிக்கு மூச்சு முட்டுது

"சிலந்தியைக் கொல்லணும்னா செருப்பால ஒரே அடியா அடிச்சுக் கொல்லுங்க. இப்படிக் காத்தை அடைச்சுச் சாகடிக்காதீங்க."

பூச்சி இதைச் சொன்னது சித்தியிடம். சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

பூச்சி என்பது பட்டப்பெயர். பதினேழு வயது. படிப்பு மண்டையில் ஏறவில்லை, ஏறுகிற மாதிரி நடிக்கவும் வரவில்லை. மீன் தொட்டி செய்யும் கடையில் கண்ணாடி வெட்டப் போய்விட்டாள். அந்தக் கடைக்கு வந்த ஒருத்தர், "வீட்டுல இது இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று அழாத குறையாக விட்டுவிட்டுப் போனதுதான் மகாராணி.

மரத்தில் வாழும் ஜாதிச் சிலந்தி. உள்ளங்கை அகலம். நீலமும் கறுப்புமாக மினுமினுக்கும் உடம்பு. எட்டுக் கால் நுனியிலும் ரோஸ் கலர், நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி.

அதற்கு வீடு கட்டினதும் பூச்சிதான். தரைச் சிலந்திக்கு இடம் அகலமாக வேண்டும், மரச் சிலந்திக்கு உயரமாக வேண்டும். அதனால் நெட்டையாக ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நிமிர்த்தி வைத்த மரப்பட்டை, பிளாஸ்டிக் கொடி. இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போக வேண்டும். கொஞ்சம் ஈரம் இருக்கலாம். புழுங்கினால் போச்சு, செத்துவிடும்.

அந்த ஓட்டைகளைத்தான் யாரோ டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். போன வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது பார்த்தாள். பிய்த்துப் போட்டாள். மறுநாளும் ஒட்டியிருந்தது. மகாராணி பட்டையிலிருந்து இறங்கிக் கீழே சுருண்டு கிடந்தது. மரச் சிலந்தி தரைக்கு வந்துவிட்டால் அதற்கு முடியவில்லை என்று அர்த்தம்.

யாரோ என்ன யாரோ. வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

அப்பா லைன்மேன். புயலில் கம்பத்தில் ஏறி நின்று, கீழே இருப்பவர்களை "பயப்படாதீங்க" என்று அதட்டுகிற ஆள். வீட்டுக்கு யார் வந்தாலும் பூச்சியின் அறை வாசலில் நின்றபடியே கையை நீட்டி, "எங்க வீட்டு மகாராணியைப் பார்த்தீங்களா? தைரியம் எங்க பரம்பரைச் சொத்து" என்று மார் தட்டுவார்.

சித்தி, அம்மா போய்ச் சேர்ந்தபிறகு, போன வருஷம் வந்தவள். கரப்பானைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள்.

டேப் அப்பாவுடைய கறுப்பு டேப்தான். ஆனால் அந்த வீட்டில் ரிமோட்டுக்கும் அதுதான், விரிசல் விட்ட வாளிக்கும் அதுதான். ரோல் யார் கைக்கும் எட்டும். கணக்கில் பெயிலானவளுக்கும் இந்தக் கணக்கு வந்துவிட்டது.

அப்பாவிடம் பஞ்சாயத்து வைத்தாள். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"பாவம்மா அவ, பயந்த சுபாவம். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

சித்தி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அனுசரிப்பதா? பூச்சிக்கு அந்த வார்த்தையே ஆகாது. கடைக்கார அக்காவிடம் சொன்னாள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை சும்மாதான் கிடக்கிறது, வந்து இருந்துக்கோ, ஆனால் உன் சிலந்தி என் பக்கம் வந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிடுவேன் என்று அக்கா சொன்னாள். நியாயமான பேச்சு.

அன்றைக்கே மத்தியானம் மகாராணியையும் நாலு துணியையும் எடுத்துப்போக வீட்டுக்கு வந்தாள். அறைக்கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஸ்டூல்மேல் சித்தி. தலையில் அப்பாவின் ஹெல்மெட், கண்ணாடியை இறக்கிவிட்டு. இரண்டு கையிலும் பாத்திரம் கழுவுகிற ரப்பர் உறை. நிலாவுக்குக் கிளம்பின ஆள் வழி தவறி வந்த மாதிரி கூண்டின்மேல் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா?"

சித்தி தடுமாறி இறங்கினாள். உறையில் கறுப்பு டேப் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சி கூண்டைப் பார்த்தாள். ஒரு பக்கத்து ஓட்டைகள் திறந்திருந்தன. மறுபக்கத்து டேப் பாதி உரிந்து தொங்கியது.

ரோல் அங்கே எங்கேயும் இல்லை.

"நீங்க... பிச்சிட்டா இருக்கீங்க?"

சித்தி உறையில் ஒட்டின டேப்பை உரித்தாள்.

"காலையில நீ கிளம்பினதும் உங்கப்பா ஒட்டிட்டுப் போயிடுவாரு. அதைக் கண்டாலே அவருக்கு உதறுது. இத்தனூண்டு ஓட்டையில அது எப்படிங்க வெளிய வரும்னு கேட்டா, 'ஏன், ஓட்டையே இல்லாத கம்பியில கரண்ட் வரலையா'ங்கறாரு. நீ வர்றதுக்குள்ள நான் பிச்சுடுவேன். போன வாரம் மத்தியானமா எங்கக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரி போயிட்டு நீ வந்தப்புறம் வந்தேன்ல, அந்த ரெண்டு நாள்தான் விட்டுப்போச்சு."

பூச்சி தொங்கின டேப்பைப் பிய்த்து எடுத்தாள். செருப்பு வரைக்கும் பேசியாயிற்று. பேசினதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இல்லை.

"அத்தனை பேச்சையும் வாங்கிட்டு நின்னீங்களே. நான் இல்ல, உங்கப்பான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

சித்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை.

"என்னை உனக்கு முதல்லேருந்தே பிடிக்காது, எனக்கு அது பழகிடுச்சு. அவரையும் பிடிக்காமப் போயிட்டா, அப்புறம் இந்த வீட்டுல உனக்குன்னு யாருடி இருக்கா?"