மடியில் பப்பாளிக்காய்

“மடியில என்னடி?”

“ஒண்ணுமில்லீங்க எசமான்.”

“ஒண்ணுமில்லாததுக்கா பால் வடியுது?”

சேலையெல்லாம் பப்பாளிப் பால். மாட்டுக்கொட்டகை வேலைக்காரி கெம்பம்மா முழித்தாள். பச்சைக்காய் நழுவி, தீர்த்தகிரியின் செருப்பருகே உருண்டு வந்து நின்றது.

கெலமங்கலத்துத் தோட்டத்தில் அவருக்கு இருப்பதே ஒரு பப்பாளி மரம். பத்து நாளாகக் காய் குறைகிறது. ஒளிந்திருந்து பிடித்துவிட்டார்.

“கறி வேகணும்னா ஒரு துண்டு போதும். வயிறு இளகணும்னா பழம் வேணும். பச்சைக்காய் எதுக்குடி தினம் ஒண்ணு?”

“பருப்புப் போட்டுக் கூட்டு வெச்சுத் தின்னா பால் ஊறுங்க.”

“யாருக்குடி பால்? உன் பொண்ணு ரெண்டு வயசுக் கழுதை. நேத்து என் கண் முன்னால களி உருண்டையை முழுங்கினா!”

கெம்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“திருட்டு. அதுக்குமேல பொய். என் பேரனைப் பாரு, ஏழு மாசம். அவங்கம்மாவுக்குக் காய்ச்சல்ல பால் வத்திப்போச்சு. காயா தேடினேன்? பெங்களூர்லேருந்து டப்பாப் பால்! தொடை தூண் மாதிரி இருக்கு.”

“ஆமாங்க.”

“எப்படி அழுதாலும், கொட்டகைக்குக் கூட்டிவந்து கன்னுக்குட்டியைக் காட்டினா கப்சிப். பொறவி விவசாயி! அவன் சொத்துலயா கை வைக்கறே? என் வாசப்படிகூட உன்னை ஏறவிட்டதில்லை. நாளையிலேருந்து வேலைக்கு வராதே. போ!”

வீட்டுக்குள் பேரன் அலறினான். மருமகள் ருக்மணி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“டப்பாப் பாலைத் துப்பறான் மாமா. தினம் இதே கதைதான்.”

“கன்னுக்குட்டியைக் காட்டு. இப்போ நிறுத்துவான் பாரு.”

கன்றுக்குட்டி பக்கத்திலேயே நின்றது. பையன் காலைக்கூட நக்கிப் பார்த்தது. அவன் அதைச் சட்டை செய்யவில்லை. கெம்பம்மாவைப் பார்த்தான். அம்மா இடுப்பிலிருந்து எம்பிப் பாய்ந்தான். கெம்பம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தான்.

அழுகை பட்டென்று நின்றது.

ருக்மணி மாமனாரைப் பார்க்கவில்லை. கெம்பம்மா யாரையுமே பார்க்கவில்லை.

தீர்த்தகிரி தொண்டையைக் கனைத்தார். சுவரில் சாய்ந்திருந்த தொரட்டியை எடுத்து, மரத்தில் இருந்ததிலேயே பெரிய காய்க்குக் குறி வைத்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கெம்பம்மா. தலையில விழப்போவுது.”