கையெழுத்துப் போடாத ஜெர்மனி

ஜெர்மனி கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டது.

பத்தாம் வகுப்பே சிரித்தது. ஜெர்மனியாக நின்ற அமுதவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை. முதல் உலகப் போர் முடிந்து, வென்ற நாடுகள் வெர்சேல்ஸில் கூடி வரைபடத்தில் புதுக் கோடு போட வேண்டும். கடைசியில் ஜெர்மனி உள்ளே வந்து கையெழுத்துப் போட்டதும் திரை விழும். இவ்வளவுதான் நாடகம்.

சமூக அறிவியல் டீச்சர் ஆக்சிலியா கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் பர்மிஷன் போட்டிருந்தாள். அண்ணன் அந்தோணி பிரகாஷ் கேட்டுக்கு வெளியே பைக்கோடு காத்திருந்தான். தருமபுரியில் பத்து நிமிஷ வேலையாம்.

அவள் உடுத்தியிருந்த அரக்குப் பட்டு அண்ணன் நேற்று வீடு தேடி வந்து கொடுத்தது. கிறிஸ்துமஸும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. "சும்மாதான் கண்ணு, கட்டிக்க" என்றான். காலையிலிருந்து மற்ற டீச்சர்கள் முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"என்னம்மா ஒன் பிரச்சினை? ஜெர்மனி போர்ல தோத்துப் போச்சு. போட்டுத்தான் ஆகணும்."

"தோத்ததுக்கு ஒண்ணும் சொல்லலைங்க மிஸ். இவங்களே உக்காந்து அல்சேஸ் பிரான்சுக்கு, அந்தப் பக்கம் போலந்துக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்க. அப்பல்லாம் என்னைய வெளியவே நிக்க வெச்சுட்டு, கையெழுத்துக்கு மட்டும் கூப்புடறாங்க."

"நீ உள்ள வந்தா சண்டை போடுவ, அதான்!" என்றான் பிரான்சாக உட்கார்ந்திருந்த பிரபாகர். மறுபடியும் சிரிப்பு.

"நெசமாலுமே ஜெர்மனியைப் பேசக் கூப்புடலைங்களா மிஸ்?"

"கூப்புடல. எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் நீட்டுனாங்க. போடலைன்னா மறுபடியும் படையோட வருவோம்னும் சொல்லிட்டாங்க. வரலாறு அப்படித்தாம்மா, நாம மாத்த முடியாது."

"சரிங்க மிஸ். போட்டதும் சமாதானம் ஆயிடுச்சுங்களா?"

ஆக்சிலியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அடுத்த மாதம் இதே வகுப்புக்கு இரண்டாம் உலகப் போரை நடத்தப் போகிறவள் அவள்தான். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

டீச்சரைத் திணறடித்துவிட்டோமோ என்று அமுதவல்லிக்கே பாவமாகப் போயிற்று. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பேனாவை எடுத்துக் கிறுக்கினாள். வகுப்பு கைதட்டியது. ஒத்திகை முடிந்தது.

ஆக்சிலியா ஏதோ யோசனையோடு கேட்டைத் தாண்டி வந்தாள். அந்தோணி பிரகாஷ் பைக்கை உதைத்தான்.

"வா கண்ணு, லேட்டாயிடுச்சு. தம்பி ஆண்டோ ரிஜிஸ்டர் ஆபீஸ்ல காத்துக்கிட்டிருக்கான். அப்பா நெலத்துப் பாகப் பத்திரம் எழுதி ரெடியா இருக்குது. நீ ஒரு கையெழுத்து போட்டா வேலை முடிஞ்சுது."

"அப்பா நெலத்துல வரப்பு எங்கண்ணா வருது?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டுச் சிரித்தான். "நானும் தம்பியும் போன மாசமே பேசி முடிச்சுட்டோம். கெணத்துக்கு மேக்கால எனக்கு, கெழக்கால அவனுக்கு. ஒனக்கு எதுக்கு கண்ணு அந்தத் தலைவலி? ஏறு."

ஆக்சிலியா ஏறவில்லை.

"நடுவுல எனக்கும் ஒரு வரப்பு போடுண்ணா."