மூக்கருகே பிச்சிப்பூ

தம்பானூரில் ஒரு சின்ன மெஸ். கூரைக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் அடுப்படிக்குள் இறங்கி வாணலியின் மேல் விழுகிறது. தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுபடுகிறது. கிளறுவது லிங்கராஜ். மணம் பார்த்து அவர் முழங்கையைத் தொட்டுப் பதம் சொல்வது மனைவி மாடம்மாள். மூன்று மாதத்துக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சல் லிங்கராஜின் மூக்கின் உள்தோலைக் கெடுத்து, மணமே தெரியாமல் ஆக்கிவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான். முதலாளிக்கு இன்னும் தெரியாது. "போதும், இறக்குங்க." இறக்குகிறார். பிறகு, தினமும் செய்வதுபோல, அவள் கொண்டையிலிருந்து ஒரு பிச்சிப்பூவை உருவி அவர் மூக்கருகே நீட்டுகிறாள். "மோந்து பாருங்க." "தினமும் இதே கூத்தா? எனக்குப் பூவும் ஒண்ணுதான், பஞ்சும் ஒண்ணுதான்." "பாருங்கன்னா." சலிப்போடு குனிகிறவர் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுக்கிறார். "சீ, என்னட்டி இது? ரப்பர் கருகின மாதிரி நாறுது." அவள் பூவைத் தானும் முகர்ந்து பார்க்கிறாள்; பிச்சி மணம்தான். "நெசமாவா? நாறுதா?" "நாறுதுங்கேன்." "உள்ள புதுத்தோல் முளைக்கும்போ முதல்ல எல்லாம் தப்புத் தப்பாத்தான் மணக்கும்னு டாக்டர் பறஞ்சாருல்லா?" லிங்கராஜ் பூவைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். இறக்கி வைத்த வாணலியில் தேங்காய் இன்னும் மெல்லப் பொரிந்துகொண்டிருக்கிறது. "இன்னொரு தடவ காட்டு," என்கிறார். அவள் நீட்டுகிறாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார்.